எந்த நாளின் ரோபோ? பி-9 நகல் செய்ய விரும்புவோருக்குக் கோவையிலிருந்து ஒரு வழிகாட்டி

கணபதிப் பக்கம், வார்ப்புக்கு மர மாதிரி செய்யும் ஒரு பேட்டர்ன் கடையில் நின்றுகொண்டு, "ரோபோ ஒண்ணு செய்யறனுங்கண்ணா, அதுக்கு ஒரு வளையம் வேணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஏன் எதற்கு என்றும் கேட்கவில்லை. "வார்ப்புக்குங்களா, ஃபைபருக்குங்களா?" என்றார். எனக்கு வித்தியாசம் தெரியாது. "எதுவா இருந்தாலும் சரிங்க, அழகா வந்தாப் போதும்" என்றேன். அந்தப் பதில் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

பழைய தொலைக்காட்சித் தொடரில் வந்த ஒரு ரோபோவை அதே அளவில், அதே அமைப்பில் வீட்டில் செய்துவைக்க ஆசைப்படும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எடுத்துக்கொண்டது ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ தொடரின் பி-9. அமெரிக்காவில் 1965 செப்டம்பரிலிருந்து 1968 மார்ச் வரை மூன்று பருவங்கள், 83 பகுதிகள். ரோபோவை வடிவமைத்தவர் ராபர்ட் கினோஷிட்டா. 1956-ல் வந்த ‘ஃபர்பிடன் பிளானட்’ படத்தின் ராபி ரோபோவிலும் அவர் கை உண்டு. உள்ளே நின்று நடித்தவர் பாப் மே. குரல் டிக் டூஃபெல்ட் என்பவருடையது. நம்மில் பலர் இதை டிஸ்க்கில்தான் பார்த்திருப்போம். 2018-ல் வந்த புதிய தொடரின் ரோபோ முற்றிலும் வேறு. கடைக்காரரிடம் போன் படத்தைக் காட்டும்போது அதைக் காட்டிவிடாதீர்கள்.

வேறு ரோபோ செய்கிறவர்களுக்கும் முறை இதுதான். பொருள்கள்தான் மாறும்.

முதல் வேலை: எந்த நாள் என்று முடிவு செய்யுங்கள்

வாங்கவேண்டிய முதல் சாமான் ஒரு நீள நோட்டு. அதன் முதல் பக்கத்தில் ஒரே வரி: எந்தப் பருவம், எந்தப் பகுதி, எந்தக் காட்சியில் நிற்கும் ரோபோவைச் செய்யப்போகிறேன்.

இது தேவையா என்று தோன்றும். தேவைதான். ரோபோ ஒன்றல்ல, இரண்டு. ஒன்று முன்னால் நின்று நடிக்க, மற்றது தூரத்தில் நிறுத்தவும் இடிபட்டு விழவும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றில்லை. அதோடு மூன்று வருடம் படப்பிடிப்பில் உழைத்த பொருள் முதல் நாள் இருந்தது போலக் கடைசி நாள் இருக்காது. சிராய்ப்பு, ஒட்டு, மறுபெயின்ட் எல்லாம் ஏறும். தொடர் முடிந்த பிறகும் அது சும்மா இருக்கவில்லை. 1977-ல் இன்னொரு தொடருக்காக மாற்றிப் பயன்படுத்தினார்கள். பிற்பாடு பழுது பார்த்தார்கள். ஆகவே அருங்காட்சியகத்தில் எடுத்த பளிச்சென்ற வண்ணப் படம் கையில் இருக்கிறதே என்று அதையே நம்பிச் செய்தால், திரையில் பார்த்த ரோபோ வராது. பழுது பார்த்தவரின் ரோபோதான் வரும். அதுவும் நல்ல ரோபோதான், ஆனால் அதைத்தான் செய்கிறோம் என்று தெரிந்து செய்யவேண்டும்.

முதல் பருவம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. அடுத்த இரண்டும் வண்ணம். முதல் பருவ ரோபோவைத் தேர்ந்தெடுத்தால் நிறத்தைப் பின்னால் வந்த பருவங்களிலிருந்து ஊகிக்கவேண்டி வரும். புதியவர்களுக்கு இரண்டாம் பருவத்தைத்தான் சொல்வேன்.

இரண்டாவது வேலை: படத்திலிருந்து அளவு

இங்கேதான் நேரம் போகும். போகட்டும். பட்டறைக்குப் போவதற்கு முன் ஆறு மாதம் இதிலேயே உட்கார்ந்தாலும் நஷ்டமில்லை.

தொடர் 4:3 சட்டத்தில், அதாவது அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு என்று எடுக்கப்பட்டது. உங்கள் டிவியோ கணினியோ அதை 16:9 ஆக இழுத்துக் காட்டினால் ரோபோ குண்டாகிவிடும். 1080 புள்ளி உயரமுள்ள படத்தில் அகலம் 1440 இருக்கவேண்டும். சந்தேகம் இருந்தால், படத்தில் நேராகத் தெரியும் ஒரு டயலையோ சக்கரத்தையோ பிடித்து உயரத்தையும் அகலத்தையும் எண்ணிப் பாருங்கள். வட்டம் வட்டமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். 2015-ல் வந்த புளூரே டிஸ்க்கில் விவரம் நன்றாகத் தெரியும். முடிந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு காட்சித் தேர்வு. ரோபோ தூரத்தில், சட்டத்தின் நடுவில், நேர்முகமாக நிற்கும் காட்சிகளை மட்டும் எடுங்கள். கிட்டத்தில் எடுத்த காட்சியில் கேமராவுக்கு அருகில் உள்ள கை பெரிதாகவும் முதுகுப் பக்கம் சிறிதாகவும் தெரியும். பார்க்க அழகு, அளக்க ஆகாது.

இன்னொரு பொறி இருக்கிறது; நானும் விழுந்தேன். இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும் பல காட்சிகளில் ரோபோவுக்குக் காலே கிடையாது! பாப் மே நடக்க வசதியாகக் கீழ்ப்பாகத்தின் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டு, மேல்பாகத்தை மட்டும் மாட்டிக்கொண்டு சொந்தக் காலில் நடந்தார். அதற்குப் படக்குழு வைத்த பேர் ‘பெர்முடா ஷார்ட்ஸ்’. நம் ஊர்ப் பொய்க்கால் குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்சிகளில் பக்கத்தில் நிற்கும் நடிகரோடு ஒப்பிட்டு உயரம் கணக்கிட்டால், நீங்கள் அளப்பது பாப் மேயின் காலை. முழு உயரத்தை, அடித்தட்டு தரையில் படிந்து நிற்கும் காட்சியில் மட்டும் அளங்கள். நடிகர்களை அளவுகோலாக வைப்பதே எனக்குப் பிடிக்காது. காலணிக் குதி, நிற்கும் தூரம் என்று எல்லாமே மாறும்.

ஒரே பாகத்தை நான்கைந்து காட்சிகளில் அளந்து சராசரி எடுங்கள். அப்புறம் ஒரு விஷயம்: இது அங்குலத்தில் வேலை செய்யும் பட்டறையில் பிறந்த பொருள். உதாரணத்துக்கு, ஒரு பாகம் உங்கள் கணக்கில் 303, 305, 306 மி.மீ. என்று வருகிறது. அசலைச் செய்தவர் 304.67 என்று யோசித்திருக்கமாட்டார். 12 அங்குலம் என்று வெட்டியிருப்பார், அது 304.8. எல்லா அளவையும் இப்படி அங்குலத்துக்கும் அரை, கால், அரைக்கால் அங்குலத்துக்கும் இழுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் பொருந்தி வந்தால் கணக்கு சரியான பாதையில் போகிறது. நம் தச்சர்களிடம் சொல்லவும் இது வசதி. அரைக்கால் அங்குலம் என்பது அவர்கள் பாஷையில் ஒரு நூல். "பன்னண்டு அங்குலம் மூணு நூல்" என்றால் பெரியவர்கள் பென்சிலைக் காதில் இருந்து எடுத்துவிடுவார்கள். 314.3 மி.மீ. என்று சொல்லிப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அசலை நேரில் அளந்தவர்கள் வரைந்த படங்கள் ஆர்வலர்களிடையே புழங்குகின்றன. கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனாலும் உங்கள் கணக்கோடு ஒத்துப்பாருங்கள். அதே போல, யாரோ செய்த நகலிலிருந்து அச்சு எடுத்து வார்த்த பாகத்தை வாங்கினால் அது அசலைவிடச் சற்றுச் சிறுத்திருக்கும். பிசின் காயும்போது சுருங்கும். நகலின் நகல் என்றால் இரண்டு தடவை சுருங்கியது.

அட்டை ரோபோ

வரைபடம் முடிந்ததும் ஃபிளெக்ஸ் கடையில் முழு அளவில் முன்பக்கமும் பக்கவாட்டும் அச்சடித்துச் சுவரில் தொங்கவிடுங்கள். கல்யாண பேனர் அடிப்பவர் இதற்கு ஒரு மணி நேரம்கூட எடுக்கமாட்டார். படத்தின் ஓரத்தில் ஒரு மீட்டர் நீளக் கோடு ஒன்று வரைந்து கொடுத்து, அச்சான பிறகு டேப் வைத்துப் பாருங்கள். ஃபிளெக்ஸ் இழுபடும்.

பிறகு அட்டையில் முழு ரோபோ. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பனியன் கம்பெனி அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமே இல்லை. அடித்தட்டு, கால், முழங்கால், இடுப்பு, உடம்பு, கழுத்து, குமிழி என்று தனித்தனியாகச் செய்து அடுக்குங்கள். ஒரு வாரம் வீட்டில் நிற்கட்டும். போகவரப் பார்க்கும்போது தோள் அகலமோ, கழுத்து குட்டையோ தானாகக் கண்ணில் குத்தும். என் வீட்டில் அம்மாதான் முதலில் சொன்னார்: "ஏஞ்சாமி, இதுக்கு இடுப்பே இல்லியே?" இடுப்பில் நான் ஒன்றரை அங்குலம் கூட்டியிருந்தேன்.

அட்டையில் இருக்கும்போதே வாசல்படியில் நுழைத்துப் பாருங்கள். ஓட்டு வீட்டு நிலைப்படிகள் ஆறடிகூட இருக்காது. மாடி அறையில் செய்தால் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள். எந்த இடத்தில் கழற்றி மாட்டுவது என்பதை இப்போதே முடிவு செய்யவேண்டும்.

பட்டறைக்குப் போவது

நமக்கு இருக்கும் வசதி வெளிநாட்டு ஆர்வலர்களுக்குக் கனவிலும் கிடைக்காது. பம்பும் கிரைண்டரும் செய்யும் ஊர் கோவை. மரத்தில் பேட்டர்ன், அதை வார்க்க ஃபவுண்டரி, திருப்ப லேத், வெட்ட லேசர் எல்லாம் ஒரு மொபெட் தூரத்தில். பஸ் பாடி கட்டும் கரூரில் ஃபைபர் முகப்பு செய்யும் கைகள் உண்டு. லாரிக்குப் பேர்போன நாமக்கல், சங்ககிரிப் பக்கம் பழைய வைப்பர் மோட்டார் கிடைக்கும். கை எல்லாம் தயாராக இருக்கிறது. அந்தக் கைகளிடம் என்ன சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் கெடும்.

இப்போது அந்த வளையம். கணக்குக்கு வசதியாக 600 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். பேட்டர்ன்காரர் நான் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, ஊர் வழக்கப்படி அலுமினிய வார்ப்புக்கு என்று எடுத்துக்கொண்டார். உருக்கி ஊற்றிய அலுமினியம் ஆறும்போது மீட்டருக்கு ஏறக்குறைய 13 மி.மீ. சுருங்கும். வார்ப்பிரும்பு என்றால் 10. அதனால் பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்வார்கள். 600-க்கு 8 கூடியது. லேத்தில் பிடித்துத் திருப்பப் பக்கத்துக்கு 3 விடுவார்கள், அது 6. மொத்தம் 614. அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. நான் அதன்மேல் ஃபைபர் போட்டு எடுத்தேன். ஃபைபருக்கு அந்தச் சுருக்கமும் கிடையாது, லேத்தும் கிடையாது. 600-க்கு வெட்டி வைத்திருந்த அக்ரிலிக் தட்டு வளையத்துக்குள் விழுந்து தரையில் உருண்டது. விஷயத்தைச் சொன்னதும் அவர், "மொதல்லயே கேட்டனுங்களே" என்றார். கேட்டார்தான்.

ஆகவே ஒவ்வொரு வரைபடத்தின் மேலும் பெரிய எழுத்தில் மூன்று விஷயம்: எந்தப் பொருளில் செய்யப்போகிறோம், இது வேலை முடிந்தபின் இருக்கவேண்டிய அளவா, அலகு மி.மீ.யா அங்குலமா. லேசர் கடைக்கு டி.எக்ஸ்.எஃப். என்ற கணினி வரைபடக் கோப்பைக் கொடுக்கும்போது மூன்றாவதை வாயாலும் சொல்லுங்கள். அலகு மாறினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரோபோ வரும்.

ஒற்றைப் பீஸ் வேலை யாருக்கும் லாபமில்லை என்பதையும் மனதில் வையுங்கள். ஆயிரம் பீஸ் ஆர்டர் ஓடும்போது உங்கள் வளையம் மூலையில்தான் கிடக்கும். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவில் போகாதீர்கள். பொங்கல் முடிந்து கொஞ்சம் ஓய்வாக இருக்கும்போது போங்கள். போன் படத்தோடு போகாமல் காகிதத்தில் வரைபடத்தோடு போங்கள். பேரம் பேசாதீர்கள்.

ஃபைபர் உடம்பு

உடம்பை ஃபைபர்கிளாஸில் செய்வதுதான் எளிது. மரத்தின் மேல் பட்டி போட்டு உருவம் செய்து, உப்புத்தாளில் 220, 400, 800 என்று தேய்த்து, மெழுகு பூசி அச்சு எடுக்கவேண்டும். அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் என்ற மேல்பூச்சுப் பிசின், அப்புறம் கண்ணாடி இழை விரிப்பில் (மேட்) சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ளது ஒன்று, 450 கிராம் எடையுள்ளது இரண்டு. தனியாக நிற்க அது போதும்.

ஒரு கிலோ பிசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் 10 முதல் 20 கிராம். சித்திரை வெயிலில் 20 போட்டால் பிரஷ்ஷை நனைப்பதற்குள் டப்பாவிலேயே கல்லாகிப் புகையும். அதற்காக 10-க்குக் கீழே இறங்கினால் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்புப் போகாது. விடிகாலையில் வேலையை ஆரம்பித்து, அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கலக்குவதே வழி.

இதைக் கவனமாகப் படியுங்கள். பிசின் சீக்கிரம் இறுகுவதற்காகச் சேர்க்கும் கோபால்ட் என்ற ஊதாத் திரவத்தையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டைப் பிசினில் ஊற்றி முழுதாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். இரண்டுக்கும் தனித்தனி அளவு மூடி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, கையுறை, வடிகட்டி உள்ள முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். முதல் தடவை ஃபைபர் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்வது உத்தமம்.

பெயின்ட் அடிப்பதை ஆடி மாதத்தில் வைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு அம்மியே பறக்கும் என்பார்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை நட்டிருப்பதும் அதை நம்பித்தான். ஈரப் பெயின்ட்டின் மேல் அது கொண்டுவந்து ஒட்டும் மண்ணை மறுபடி தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். கார் டிங்கரிங் கடையின் அடைத்த அறையில் அடித்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. நிறத்தை ஒரே காட்சியிலிருந்து எடுக்காதீர்கள். சிவப்பு விளக்கு போட்ட காட்சியில் சாம்பல் நிறமும் செங்கல்லாகத்தான் தெரியும். நிற விவாதத்தில் பத்து பேர் பத்து டப்பா எண் சொல்வார்கள். நான் நான்கு துண்டுத் தகட்டில் அடித்துப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

குமிழி

தலைக் கண்ணாடிக் குமிழியை அக்ரிலிக்கில் ஊதித்தான் செய்யவேண்டும். வார்த்த அக்ரிலிக் ஷீட்டாகக் கேட்டு வாங்குங்கள். அடுப்பில் சுமார் 160 டிகிரியில் அப்பளம் போலத் துவளும் வரை சூடாக்கி, வளையத்தில் இறுக்கி, அடியிலிருந்து கம்பிரஸர் காற்றை மெல்ல விட்டால் பூரி போல எழும்பும். அச்சில் படாமல் எழும்புவதால் கண்ணாடித் தெளிவு இருக்கும். உச்சியில் மெலியும், அதனால் தடிமனைக் கூட்டியே எடுங்கள். இதை வீட்டு அடுப்பில் முயலாதீர்கள். அக்ரிலிக் போர்டு செய்பவர்களில் அடுப்பு வைத்திருப்பவரைத் தேடுங்கள். ஒன்று கேட்டால் மூன்று ஊதச் சொல்லுங்கள். ஒன்று உடையும், ஒன்றில் கோடு விழும்.

கால், கைகளின் மடிப்பு ரப்பருக்கு, செருப்புக்குப் போடும் இ.வி.ஏ. ஷீட்டை வளையமாக ஒட்டி அடுக்கலாம். கண்ணுக்கு ஒத்துவரும். கொக்கிக் கைகள் சிவப்பு. அடித்தட்டுக்குள் சக்கரம் வைத்துவிடுங்கள். அடியில் தெரியும் டாங்கி மாதிரிப் பட்டைச் சங்கிலி ஓடவேண்டிய அவசியமில்லை. அசலையே கம்பி கட்டித்தான் இழுத்தார்கள்.

விளக்கு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ரோபோ பேசும்போது நெஞ்சில் ஒரு நியான் விளக்கு மின்னும். பெரும்பாலான புதியவர்கள் ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப எல்.இ.டி. மங்கிப் பிரகாசிக்கும்படி ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் நிரல் எழுதுகிறார்கள். அழகாக இருக்கும், ஆனால் தப்பு. அசலில் அந்த விளக்குக்கும் குரலுக்கும் தொடர்பே கிடையாது. இடது கொக்கிக்குள் ஒரு தந்திச் சாவி இருந்தது. பாப் மே வசனத்தைச் சொல்லிக்கொண்டே அசைக்கு அசை விரலால் தட்டினார். குரலைப் பிறகு டூஃபெல்ட் சேர்த்தார். எனவே விளக்கு முழுதாக எரியும் அல்லது முழுதாக அணையும், நடுவில் எதுவும் இல்லை. சில இடத்தில் குரலுக்கு ஒரு நொடித் துணுக்கு முன்பின்னாகவும் வரும். ஒரு தட்டு பொத்தானை இடது கொக்கியில் வைத்து நீங்களே தட்டுவதுதான் ஆகச் சரியான நகல். தானாக நடக்கவேண்டும் என்றால், ஒலி ஒரு அளவைத் தாண்டினால் எரி, இல்லையேல் அணை என்று மட்டும் எழுதுங்கள்.

உண்மையான நியானுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். குழந்தைகள் வந்து தொடும் பொருளில் அது வேண்டாம். 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையைப் பால் நிற அக்ரிலிக்கின் பின்னால் வைத்தால் போதும். உடம்பு திரும்ப வைப்பர் மோட்டார், இரண்டு பக்கமும் எல்லை வந்ததும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், முதுகில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சிவப்பு நிறுத்துப் பொத்தான். இடுப்பு திரும்பும்போது விரல் நசுங்கும் இடைவெளி எங்கே என்று ஒரு பென்சிலை விட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்குச் செய்கிற வரை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. விற்கவோ காசு வாங்கிக் காட்டவோ நினைத்தால் அது வேறு கதை. வடிவத்துக்கு உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள், அனுமதி வாங்கவேண்டும்.

நிறுத்திய பிறகு வெயில் படாத மூலையில் வையுங்கள். குமிழியைத் தின்னரோ ஸ்பிரிட்டோ தொட்டுத் துடைத்தால் மறுநாள் சிலந்தி வலை போலக் கீறல் ஓடும். சோப்புத் தண்ணீர் போதும். பட்டறையில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியில் இரும்புத் தூள் இருக்கும், அதை எடுக்காதீர்கள். புதுக் கட்டிலிருந்து வெள்ளைத் துணியாகப் பார்த்து எடுத்து, ஒரு தடவை துவைத்துக் காயவைத்து, அதற்கென்று தனி டப்பாவில் போட்டு வையுங்கள்.